முதல்ல எர்த்த பாருங்க

எல்லாருக்கும் வணக்கங்க. நான் கடலூர் மஞ்சக்குப்பத்துல கார் ஆடியோ ஒயரிங் வேலை பாக்குறேன், 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. வானொலில வந்து கார் செட்டு பத்தி பேசுங்கன்னு கூப்பிட்டப்ப எனக்கு ரொம்ப சந்தோஷம், ஏன்னா ஜனங்ககிட்ட சொல்லணும்னு ரொம்ப நாளா மனசுல கெடக்குற விஷயம் ஒண்ணு இருக்கு. சவுண்டு சரியில்லன்னதும் டேஷ்போர்டுல இருக்குற செட்ட மாத்துறோம், ஸ்பீக்கர மாத்துறோம், அப்புறம் சத்தத்த பெருசாக்குற ஆம்ப, அதாவது ஆம்ப்ளிஃபயர, மாத்துறோம். கோளாறு பாத்தீங்கன்னா முக்காவாசி நேரம் ஒயர்ல இருக்கும், அதுலயும் எர்த்துல, அதாவது கரண்டு வண்டியோட தகர பாடி வழியா பேட்டரிக்கு திரும்புற ஒயர்ல, இருக்கும். காசு செலவு பண்றதுக்கு முன்னாடி அதை ஒருதடவ பாத்துருங்க.

போன வருஷம் ஒரு தம்பி வந்தாரு, டாக்ஸி ஓட்டுறவரு, தினமும் பாண்டிக்கும் கடலூருக்கும் சவாரி. "ண்ணா, பாட்டு போட்டா கூடவே கொசு மாதிரி வீய்ய்ங்னு ஒரு சத்தம், ஆக்சிலேட்டர் மிதிச்சா அதுவும் ஏறுது, கால எடுத்தா எறங்குது"ன்னாரு. வேற ஒரு கடைல ஆம்பு போயிடுச்சுன்னு சொல்லி புதுசு மாட்டி விட்டுருக்காங்க, சத்தம் போகல, அப்புறம் செட்டே போயிடுச்சுன்னு அதையும் மாத்திட்டாங்க. கடன் வாங்கி மாத்திருக்காரு மனுஷன். பின்சீட்ட தூக்கிப் பாத்தேன். ஆம்போட எர்த் ஒயர சீட் பெல்ட் போல்ட்டுல சுத்தி முடுக்கி வச்சிருக்காங்க, போல்ட்டுக்கு அடில கம்பெனி பெயிண்ட் அப்படியே பளபளன்னு இருக்கு. பெயிண்ட் மேல மாட்டுனா கரண்டு எப்படிங்க போகும்? அதோட சீட் பெல்ட் போல்ட்டு உயிர் காக்குற போல்ட்டு, அதுல ஒயர் மாட்டவே கூடாது. வேற இடத்துல, அடில பெட்ரோல் டேங்க்கோ ஒயரோ இல்லன்னு பாத்துட்டு, உப்புத்தாள் போட்டு தகரம் வெள்ளையா மின்னுற வரைக்கும் தேச்சு, ஒயர் முனைல வளையம் மாதிரி இருக்குற ரிங் டெர்மினல் அடிச்சு முடுக்கி, மேல கொஞ்சம் கிரீஸ் தடவினேன். அவ்வளவுதான் வேலை. வண்டிய ஸ்டார்ட் பண்ணி மிதிச்சாரு, சத்தமே இல்ல. அவரு முகத்த பாத்தப்ப எனக்கு சந்தோஷத்த விட கஷ்டம்தான் அதிகமா இருந்துச்சு, அந்த ரெண்டு செலவும் தேவையே இல்ல பாருங்க.

அந்த சத்தம் ஏன் வருதுன்னா, இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர்தான் கரண்டு குடுக்குது, அதுல மேலயும் கீழயும் ஒரு சின்ன அலை எப்பவும் இருக்கும். எர்த் நல்லா இருந்தா அது பாடி வழியா பேட்டரிக்கு போயிடும். எர்த் சரியில்லன்னா வாய்க்கால் தூர்ந்து போனா தண்ணி பக்கத்து வயல்ல பூந்து ஓடுமே, அந்த மாதிரி செட்டுல இருந்து ஆம்புக்கு பாட்டு கொண்டு போற ஆர்சிஏ கேபிளோட மேல் பின்னல் வழியா ஓட ஆரம்பிச்சுரும், அது பாட்டோட கலந்து உங்க காதுக்கு வருது. வீட்டுலயே பாக்கலாம். எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு ஆம்புல இருந்து ஆர்சிஏவ புடுங்கிட்டு மறுபடி ஆன் பண்ணுங்க. சத்தம் நின்னுபோச்சுன்னா அது ஆர்சிஏ வழியாதான் வருது, செட்டு, கேபிள், ஆம்போட எர்த் மூணையும் பாக்கணும். அப்பவும் கேட்டா ஆம்போட எர்த் இல்லன்னா பவர் லைன். செட்டு ஓடிட்டு இருக்கும்போது மட்டும் ஆர்சிஏவ புடுங்காதீங்க, சில செட்டுல உள்ள எர்த் பாதைல தலைமுடி மாதிரி ஒரு ஃப்யூஸ் இருக்கும், அது போயிரும், போனா இதே வீய்ய்ங் சத்தம் நிரந்தரமா ஒட்டிக்கும். எர்த் ஒயர் ஒன்றரை அடிக்கு மேல நீளமா விடாதீங்க, பவர் ஒயர் பேட்டரில இருந்து இடது பக்கமா வந்தா ஆர்சிஏவ வலது பக்கமா கொண்டு வாங்க.

ரேடியோல மட்டும் இரைச்சல், பென்டிரைவ்ல பாட்டு சுத்தமா இருக்குன்னா அது வேற கதை. மொதல்ல மொபைல் சார்ஜர கழட்டுங்க, அப்புறம் டேஷ்கேமரா, அப்புறம் மலிவா வாங்கி மாட்டின எல்இடி ஹெட்லைட்டு, ஒண்ணொண்ணா. இதுங்க எஃப்எம்ம அமுக்கிரும். புது செட்டு போட்டதுல இருந்து அரியாங்குப்பம் தாண்டுனதும் ஸ்டேஷன் கொரகொரன்னு ஆகுதுன்னு நெறைய பேரு சொல்றாங்க, அவங்க செட்டுக்கு பின்னாடி நீல ஒயர் சும்மா தொங்கிட்டு இருக்கான்னு பாக்கணும். மேல இருக்குற குட்டி ஆன்டெனாவுக்குள்ள ஒரு பூஸ்டர் இருக்கும், அதுக்கு கரண்டு போறது அந்த நீல ஒயர்ல.

கலரு பத்தி சொல்லிடுறேன். கடைல வாங்குற செட்டுல மஞ்சள் பேட்டரில இருந்து எப்பவும் வர்ற கரண்டு, சிவப்பு சாவி திருப்பினா வர்ற கரண்டு, கருப்பு எர்த், நீலத்துல வெள்ளக்கோடு ஆம்ப ஆன் பண்ணச் சொல்ற ரிமோட் ஒயர். மஞ்சளும் சிவப்பும் மாறிப்போனா ஒவ்வொரு தடவ வண்டிய ஆஃப் பண்ணும்போதும் டைம், ஸ்டேஷன் எல்லாம் மறந்துரும், அதுக்குப்போயி செட்டு பழுதுன்னு நெனைக்காதீங்க. ரிமோட் ஒயர அவசரத்துல மஞ்சளோட முறுக்கி விட்டுடுறாங்க, அப்ப ஆம்பு ராத்திரி பகலா தூங்காம இருக்கும், பாட்டே இல்லன்னாலும் ஒரு ஆம்பியர் கிட்ட இழுக்கும், சின்ன காருல பேட்டரி 35 ஆம்பியர் அவர்தான், ஒருநாள் நிறுத்தி வச்சா மறுநாள் தள்ளி விட வேண்டியதுதான். இன்னொன்னு ரொம்ப முக்கியம். ஸ்டீயரிங்குக்கு கீழயும் சீட்டுக்கு அடிலயும் மஞ்சள் கப்ளர், அதாவது ஒயர் சொருகுற பிளக்கு, மஞ்சள் உறை போட்ட ஒயர் பாத்தீங்கன்னா அது ஏர்பேக். அதுல டெஸ்ட் லைட்டு வைக்காதீங்க, தொடவே தொடாதீங்க.

ஸ்பீக்கர் புதுசா மாட்டியும் பேஸ் வரல, தவில் அடிச்சா தகரடப்பா மாதிரி கேக்குதுங்குறாங்க. ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறியிருக்கும். ஒரு ஸ்பீக்கர் முன்னாடி தள்ளும்போது இன்னொண்ணு பின்னாடி இழுக்குது, ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சு பேஸ தின்னுடுது. இதுக்கு மீட்டர்கூட வேணாம். சுவர் கடிகாரத்துக்கு போடுற 1.5 வோல்ட் பேட்டரி ஒண்ணு போதும். செட்டு பக்கம் கழட்டிட்டு, பிளஸ்னு நீங்க நெனைக்கிற ஒயர்ல பேட்டரி பிளஸ், மறு ஒயர்ல மைனஸ், ஒரு செகண்டு தொட்டு எடுங்க. டப்புனு ஒரு சத்தம், கோன் வெளிப்பக்கம் ஒரு துள்ளு துள்ளும். உள்ள போச்சுன்னா மாத்தி மாட்டிருக்கீங்க. நாலு டோருக்கும் அஞ்சு நிமிஷம் ஆகாது. அதோட டோர் பேடுக்கு பின்னாடி தகரத்துல இருக்குற பெரிய ஓட்டைங்கள பியூட்டைல் ஷீட்டுன்னு ஒட்டுற ரப்பர் ஷீட் வரும், அத ஒட்டி அடைச்சுப் பாருங்க, அதே ஸ்பீக்கர்ல பேஸ் எப்படி கெட்டியா வருதுன்னு. ஆனா டோருக்கு அடில மழைத்தண்ணி எறங்குற ஓட்டைய அடைச்சுராதீங்க, துரு புடிச்சுரும்.

ஆம்புல கெயின்னு ஒரு திருகு இருக்கு, செட்டுல இருந்து வர்ற சிக்னலுக்கு ஆம்ப பொருத்துறதுக்கு. அத வால்யூம்னு நெனச்சு கடைசி வரைக்கும் திருகி வச்சிடுறாங்க, எனக்கு இதுதான் ரொம்ப வருத்தம், நல்ல ஸ்பீக்கரெல்லாம் காயில் கருகிப் போயி வருது. கெயின மொத்தமா கொறச்சுட்டு, செட்டு வால்யூம முக்கால்வாசி வச்சு, நீங்க நல்லா பழகின பாட்டு ஒண்ணு போட்டு, கெயின மெதுவா ஏத்துங்க, குரல் எந்த எடத்துல கிழியுதோ அதுல இருந்து கொஞ்சம் பின்னாடி வாங்க, அதுதான் அந்த ஆம்போட எடம். டோர் ஸ்பீக்கருக்கு ஹைபாஸ் 80 ஹெர்ட்ஸ், அதாவது அதுக்கு கீழ உள்ள பேஸ வெட்டுறது, பேஸுக்குன்னு இருக்குற ஊஃபருக்கு லோபாஸ் 80 ஹெர்ட்ஸ், அதாவது அதுக்கு மேல உள்ளத வெட்டுறது, இதுல ஆரம்பிச்சு காதுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம். செட்டு பெட்டி மேல 50 பெருக்கல் 4னு போட்டிருப்பாங்க, அது உச்சத்துல ஒரு நொடி எட்டுறது, நின்னு குடுக்குறது ஸ்பீக்கருக்கு ஒரு 20 வாட்ஸ்தான்.

பவர் ஒயர் வாங்கும்போது ஏமாறாதீங்க. 300 வாட்ஸ் ஆம்பு முழுசா பாடணும்னா பேட்டரில இருந்து 40 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும், பாதி சூடா போயிரும். கடைல ஒரு இழைய எடுத்து பிளேடால சொரண்டிப் பாருங்க. உள்ளயும் செவப்பா இருந்தா செம்பு. வெள்ளையா வந்தா அலுமினியத்துக்கு செம்பு முலாம், அது அதே கனத்துல அவ்வளவு கரண்டு தாங்காது, நம்ம கடல் காத்துக்கு சீக்கிரம் பூத்துரும். பேட்டரி பக்கத்துலயே, ஒன்றரை அடிக்குள்ள ஃப்யூஸ் போடுங்க. அது ஆம்புக்கு இல்லங்க, ஒயருக்கு. ஃப்யூஸ் இல்லாம வழில எங்கயாவது ஒயர் உரசி பாடில பட்டா தீப்பிடிக்கும்.

கடல் காத்துன்னு சொன்னேன்ல. தேவனாம்பட்டினம், முதுநகர், இங்க பாண்டில வைத்திக்குப்பம் பக்கம் நிக்குற வண்டிங்கள தெறந்தா ஒயர் முனைல பச்சையா களிம்பு ஏறியிருக்கும், சும்மா முறுக்கி டேப் சுத்தின ஜாயின்ட்டு ரெண்டு மழைக்காலம் தாங்காது. ஈயத்துல சால்டர் பண்ணி, மேல சூடு பட்டா சுருங்கி புடிக்கிற ஹீட் ஷ்ரிங்க் டியூப் போடச் சொல்லுங்க, பத்து இருபது ரூபாய்க்கு யோசிக்காதீங்க. 2015 வெள்ளத்துலயும், 2024ல ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் தென்பெண்ணைல தண்ணி வந்தப்பவும், சீட்டுக்கு அடில இருந்த ஆம்பெல்லாம் சேத்தோட வந்துச்சு. தண்ணி பூந்த வண்டில பாட்டு வருதான்னு போட்டுப் பாத்தவங்க ஆம்பு அப்பவே போச்சு, பேட்டரி மைனஸ மொதல்ல கழட்டினவங்க ஆம்பு பல பேருக்கு பொழச்சுது. சேத்த நல்ல தண்ணில கழுவி, ஐபிஏ, அதாவது ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், ஊத்தி பிரஷ்ல தேச்சு, ஃபேன் காத்துல மூணு நாலு நாள் காய வச்சு கரண்டு குடுத்தோம். கார்ப்பெட்டுக்கு அடில இருக்குற பஞ்சு வாரக்கணக்குல தண்ணிய புடிச்சு வச்சிருக்கும், அதையும் எடுத்து காய வைக்கணும், இல்லன்னா தரைல இருக்குற கப்ளர் ஒண்ணொண்ணா களிம்பு ஏறும்.

இப்ப காருல இத கேட்டுட்டு இருக்குறவங்களுக்கு ஒண்ணு. வண்டிய ஓரமா நிறுத்துங்க. பேலன்ஸ நடுவுல வைங்க, சத்தத்த முன்னாடி பின்னாடி பிரிக்கிற ஃபேடர முழுசா முன்னாடி தள்ளுங்க. நான் ஒரே ஆளு, ஒரே மைக்குல பேசுறேன், அப்ப என் குரல் டேஷ்போர்டுக்கு நடுவுல ஒரு எடத்துல இருந்து வரணும். அப்படி இல்லாம ரெண்டு காதுக்கும் வெளிய எங்கயோ பரவி, எங்கருந்து பேசுறான்னே தெரியலன்னா உங்க முன் டோர் ஸ்பீக்கர் ரெண்டுல ஒண்ணுல பிளஸ் மைனஸ் மாறியிருக்கு. இப்ப ஃபேடர பின்னாடி தள்ளிட்டு பின்சீட்டுல நடுவுல உக்காந்து இதே மாதிரி கேளுங்க. மாறியிருந்தா சாயங்காலம் வீட்டுக்கு போனதும் அந்த கடிகார பேட்டரிய எடுத்துக்குங்க.