கடைப் பெயர் யாருடையது? சின்ன வியாபாரத்துக்கு டிரேட்மார்க்

[திரையில்: மூன்று அட்டைகள். நிறுவனப் பதிவுச் சான்று, டொமைன் ரசீது, சமூக ஊடகப் பக்கம்]

"கம்பெனி பேரைத்தான் பதிவு பண்ணியாச்சே, அப்புறம் எதுக்கு டிரேட்மார்க்?" சின்ன வியாபாரம் செய்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம்.

நிறுவனப் பதிவு என்பது, இந்தப் பெயரில் ஒரு நிறுவனம் இருக்கிறது என்று அரசாங்கக் கணக்கில் ஏறுவது. டொமைன், சந்தா கட்டும்வரை உங்களிடம் இருக்கும் இணைய முகவரி. சமூக ஊடகப் பக்கம் அந்தத் தளத்தின் தயவில் இருப்பது. மூன்றும் கையில் இருந்தாலும், இன்னொருவர் அதே பெயரில் அதே பொருளை விற்றால் தடுக்கும் உரிமை தானாக வந்துவிடாது. அந்த உரிமையைத் தருவதுதான் டிரேட்மார்க். பதிவு செய்யாத பெயருக்கும் நெடுநாள் பயன்பாட்டை வைத்துச் சில நாடுகளில் பாதுகாப்பு உண்டு. ஆனால் அங்கே பெயர் உங்களுடையது என்று நிரூபிக்கும் சுமை முழுக்க உங்கள் தலையில். பல நாடுகளில் யார் முதலில் விண்ணப்பித்தாரோ அவருக்கே முன்னுரிமை.

சரி, பதிவு செய்துவிடலாம். எந்தப் பெயரை? என் கணக்கில் முக்கால்வாசி வெற்றி தோல்வி இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. விண்ணப்பப் படிவம் அதற்கு அப்புறம்தான்.

[திரையில்: "தூய சோப்பு" என்ற சொல். அதன் மேல் குறுக்குக் கோடு]

சோப்பு செய்கிறவர் "தூய சோப்பு" என்று பெயர் வைத்தால் வாங்க வருபவருக்குச் சட்டென்று புரியும். விளம்பரம் செய்பவருக்கும் பிடிக்கும். டிரேட்மார்க் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் பதிவாளருக்குப் பிடிக்காது. தூய, சோப்பு இரண்டும் எல்லாச் சோப்பு வியாபாரிகளுக்கும் தேவைப்படும் சொற்கள். ஒருவருக்கு மட்டும் எழுதிக் கொடுத்தால் மற்றவர்கள் தங்கள் சரக்கை என்ன சொல்லி விற்பார்கள்? பொருளின் தரம், அளவு, பயன், ஊர் இவற்றை நேரடியாகச் சொல்லும் பெயர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் அடிபடும். பல ஆண்டு புழங்கி, மக்கள் மனதில் ஒரே வியாபாரியின் பெயராகப் பதிந்துவிட்டது என்று காட்டினால் கிடைக்கலாம். அதற்கு வேண்டிய விற்பனைக் கணக்கும் விளம்பரச் செலவும் புதிதாகத் தொடங்குபவரிடம் ஏது?

எதிர்முனையில் இருப்பவை, அகராதியில் இல்லாத பெயர்கள். கேமரா தயாரித்த ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888-இல் பதிவு செய்த 'கோடாக்' அப்படித்தான் பிறந்தது. அவருக்கு 'கே' எழுத்து பிடிக்கும், முன்னும் பின்னும் அதையே வைத்து ஒரு சொல்லை உண்டாக்கினார். அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே இல்லாததால், வேறு யாரும் "எனக்கும் அது வேண்டும்" என்று சொல்ல வழியில்லை. இருக்கும் சொல்லையே சம்பந்தமில்லாத பொருளுக்கு வைப்பது இன்னொரு வழி. கணினிக்கு 'ஆப்பிள்' வைத்தது அந்த வகை. ஒரு குணத்தைச் சுற்றிவளைத்துக் குறிப்பால் சொல்லும் பெயர் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். கையில் பெரிய விளம்பரப் பணம் இல்லாதவருக்கு நான் சொல்வது இந்த நடுவழியைத்தான். வாங்குபவருக்கும் கொஞ்சம் புரியும், பதிவாளரும் ஒத்துக்கொள்வார்.

பெயர் முடிவானதும் தேடல். அதே எழுத்துகளில் மட்டும் தேடினால் போதாது. பதிவாளர் காதையும் கண்ணையும் சேர்த்தே பயன்படுத்துவார். 'கே' இருக்கும் இடத்தில் 'சி' போட்டுப் பாருங்கள். குறிலை நெடிலாக்குங்கள், ஒற்றை எழுத்தை இரட்டியுங்கள். தமிழிலும் ஆங்கில எழுத்திலும் தனித்தனியாகத் தேடுங்கள். உங்கள் நாட்டு டிரேட்மார்க் அலுவலகத்தின் பதிவேட்டோடு, உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு நடத்தும் 'குளோபல் பிராண்ட் டேட்டாபேஸ்' என்ற தேடுதளத்தையும் பாருங்கள். கட்டணம் கிடையாது. ஆங்கில எழுத்துச் சுருக்கத்தில் 'வைப்போ' என்று பலரும் சொல்வது இந்த அமைப்பைத்தான்.

[திரையில்: 1 முதல் 45 வரை எண்கள். 3, 4, 5, 35, 41 மட்டும் ஒளிர்கின்றன]

இப்போது வகுப்பு. டிரேட்மார்க் ஒரு பெயருக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, எந்தப் பொருளுக்கு என்று சொல்லித்தான் கேட்க வேண்டும். 1957-இல் கையெழுத்தான நீஸ் உடன்படிக்கையின் வகைப்பாட்டைத்தான் உலகின் பெரும்பாலான அலுவலகங்கள் பின்பற்றுகின்றன. மொத்தம் 45 வகுப்புகள். 1 முதல் 34 வரை பொருள்கள், 35 முதல் 45 வரை சேவைகள்.

அதே சோப்புக்காரரை எடுத்துக்கொள்வோம். குளியல் சோப்பு 3-ஆம் வகுப்பு. மருந்து கலந்த சோப்பு என்றால் 5-க்குப் போய்விடும். கூடவே மெழுகுவர்த்தியும் செய்தால் அது 4. அடுத்தவர்கள் தயாரித்ததையும் வாங்கித் தன் இணையக் கடையில் விற்றால், அந்தச் சில்லறை விற்பனைச் சேவை 35. வார இறுதியில் சோப்பு செய்யக் கற்றுக்கொடுத்தால் 41. ஒரே ஆள், ஒரே அறை, ஐந்து வகுப்புகள். அநேகமாக எல்லா அலுவலகங்களும் வகுப்புக்கு வகுப்பு கட்டணம் வாங்கும். அதனால் இன்று விற்பதையும், அடுத்த ஓரிரு ஆண்டில் விற்கப் போவதையும் மட்டும் எழுதுங்கள். விண்ணப்பித்த பிறகு பட்டியலைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. கூட்டவேண்டுமென்றால் புது விண்ணப்பம்தான்.

அதற்காக எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொள்வதும் புத்திசாலித்தனம் இல்லை. 2024 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், தொலைக்காட்சி நடத்தும் ஸ்கை நிறுவனத்துக்கும் மென்பொருள் செய்யும் ஸ்கைகிக் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் இதைத்தான் சொன்னது. விற்கும் எண்ணமே இல்லாத பொருள்களை வரிசையாக எழுதி வாங்கிய பதிவைக் கெட்ட எண்ணத்தோடு வாங்கியதாகக் கருத இடமுண்டு.

இன்னொன்று, வகுப்பு எண் ஒரு வேலியில்லை, வேறு வகுப்பில் இருப்பவரோடும் மோதல் வரலாம். ஆப்பிள் கதையையே பாருங்கள். பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஆப்பிள் கார்ப்ஸ், கணினி செய்யும் ஆப்பிள் மீது 1978-இல் வழக்குப் போட்டது. நீ இசைப் பக்கம் வராதே, நான் கணினிப் பக்கம் வரமாட்டேன் என்கிற மாதிரி 1981-இல் சமாதானம் ஆனது. அப்புறம் கணினியே பாட ஆரம்பித்துவிட்டது! மறுபடி வழக்கு, மறுபடி சமாதானம். 2007-இல்தான் ஓய்ந்தது.

விண்ணப்பத்தில் பெயரைச் சொல்லாகப் போடுவதா, லோகோவாகப் போடுவதா? ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் சாதாரண எழுத்தில் சொல்லையே போடுங்கள். லோகோ நான்கு வருடத்தில் மாறும், சொல் மாறாது. லோகோவை வெளியாள் வரைந்து கொடுத்திருந்தால், பதிப்புரிமையை (காப்பிரைட்) உங்களுக்கு மாற்றித் தருவதாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கொடுத்துவிட்டதால் மட்டுமே படம் உங்களுடையதாகிவிடாது, பல நாடுகளில் சட்டம் அப்படி. கூட்டாக நடத்தும் வியாபாரம் என்றால் யார் பெயரில் விண்ணப்பம் என்பதையும் முதலிலேயே பேசி முடியுங்கள். பங்காளிகள் பிரியும்போது பெரும்பாலும் சண்டை வருவது இதில்தான்.

மற்றபடி நடைமுறை எளிது. விண்ணப்பம், பரிசீலனை, ஆட்சேபம் இருந்தால் பதில், டிரேட்மார்க் அலுவலகத்தின் இதழில் வெளியீடு, எதிர்ப்பு யாரும் தெரிவிக்காவிட்டால் சான்றிதழ். எதிர்ப்புக்கான அவகாசம் அமெரிக்காவில் 30 நாள், இந்தியாவில் 4 மாதம். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது 'டி.எம்.' குறி போடலாம். பதிவாகிவிட்டது என்று காட்டும், வட்டத்துக்குள் 'ஆர்' குறியைச் சான்றிதழ் வரும் முன் போடாதீர்கள், பல நாடுகளில் அது குற்றம்.

வெளிநாட்டிலும் விற்பீர்களா? உங்கள் நாட்டுப் பதிவு அங்கே செல்லாது. பாரிஸ் உடன்படிக்கைப்படி, முதல் விண்ணப்பம் போட்ட தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் இன்னொரு உறுப்பு நாட்டில் போட்டால் அதே பழைய தேதியைக் கோரலாம். பல நாடுகளுக்கு ஒரே விண்ணப்பத்தில் போக மாட்ரிட் முறை இருக்கிறது. ஆனால் முதல் 5 ஆண்டுக்குள் சொந்த நாட்டுப் பதிவு விழுந்தால் அதோடு சேர்ந்து சர்வதேசப் பதிவும் விழும்.

[திரையில்: ஒரு கோப்பு. உள்ளே தேதியிட்ட பில்கள், அட்டைப்பெட்டிப் படங்கள், விளம்பரத் துண்டுகள்]

சான்றிதழ் வந்தாயிற்று. இனி காவல் யார்? நீங்கள்தான். போலியை அலுவலகம் தேடிப் போய்ப் பிடிக்காது. மாதம் ஒருமுறை இணையச் சந்தைகளில் உங்கள் பெயரைத் தேடுங்கள், புது விண்ணப்பங்கள் வரும் இதழையும் புரட்டுங்கள். யாராவது மாட்டினால் கோபத்தில் உடனே மிரட்டல் நோட்டீஸ் அனுப்பாதீர்கள். அவர் உங்களுக்கு முன்பே அந்தப் பெயரைப் புழங்கியிருந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். ஆதாரமில்லாமல் மிரட்டியவர் மீதே வழக்குப் போட இடம் தரும் சட்டமும் பிரிட்டன், இந்தியா போன்ற நாடுகளில் உண்டு. முதலில் திரைப்பிடிப்பும் வாங்கிய பில்லும், பிறகு வழக்கறிஞர், அதன் பிறகு கடிதம்.

பெயரைப் பயன்படுத்தாமல் கிடப்பில் போட்டாலும் ஆபத்து. பல நாடுகளில் தொடர்ந்து 3 அல்லது 5 ஆண்டு புழங்காத பதிவை நீக்கச் சொல்லி இன்னொருவர் கேட்கலாம். அப்போது கைகொடுப்பவை தேதியிட்ட பில்லும் அட்டைப்பெட்டியின் படமும். அளவுக்கு மீறிப் புழங்கினாலும் போகும். லிஃப்ட் செய்யும் ஓட்டிஸ் நிறுவனத்தின் 'எஸ்கலேட்டர்' நகரும் படிக்கட்டுக்கே பொதுப்பெயராகி, 1950-இல் அமெரிக்காவில் உரிமை போனது. சின்ன வியாபாரத்துக்கு அந்தக் கவலை வர நாளாகும், வந்தால் சந்தோஷப்பட்டுக்கொண்டே கவலைப்படலாம்.

பதிவு பெரும்பாலான நாடுகளில் 10 ஆண்டு, புதுப்பித்துக்கொண்டே போகலாம். தேதி தவறினாலும் கூடுதல் கட்டணத்தோடு பொதுவாக 6 மாதச் சலுகை உண்டு. ஆனால் ஒன்றில் கவனம். விண்ணப்பம் வெளியானதும் உங்கள் பெயரும் முகவரியும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி ஆகிவிடும். சில வாரத்தில் முத்திரை, கழுகுச் சின்னம் எல்லாம் போட்டு, அரசாங்கக் கடிதம் போலவே ஒன்று வரும். சர்வதேசப் பதிவேட்டில் சேர்க்க இவ்வளவு, புதுப்பிக்க இவ்வளவு, பத்து நாளில் கட்டு என்று. பெரும்பாலும் அது ஏமாற்று வேலை. பணம் கட்டுமுன் உங்கள் விண்ணப்ப எண்ணை அலுவலகத்தின் சொந்தத் தளத்தில் போட்டு, அப்படி ஒரு கட்டணம் உண்மையிலேயே பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். கடிதத்தில் இருக்கும் தொலைபேசி எண்ணை மட்டும் கூப்பிடாதீர்கள்.