மேக் மினி எம்4: தையல் மேசைக்கு மேலே ஒரு சின்னப் பெட்டி

வணக்கம் நண்பர்களே. ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன் இல்லையா, ஆப்பிளின் மேக் மினி என்ற சின்னக் கம்ப்யூட்டர், எம்4 சிப் உள்ளது, அது இன்றைக்கு வந்துவிட்டது. காலை 11 மணிக்குக் கூரியர் தம்பி வாசலில் வந்து கொடுத்தார். கையில் வாங்கியதும், வேறு ஏதோ பார்சல் மாறி வந்துவிட்டதோ என்று ஒரு நொடி தோன்றியது, அவ்வளவு லேசாக இருந்தது. இயந்திரத்தின் எடை 670 கிராம்தான். முக்கால் கிலோகூட இல்லை.

அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, சிபியு எப்ப வரும்?" என்று கேட்டார். நம் ஊரில் அந்தப் பெரிய இரும்புப் பெட்டிக்குப் பெயரே சிபியுதானே. "இதுதாம்மா சிபியு" என்று சொன்னேன். "இதுக்குள்ளயா எல்லாம் இருக்குது?" என்றார். எல்லாமே இதற்குள்தான் இருக்கிறது. பவர் சப்ளைகூட உள்ளேயே. லேப்டாப்புக்கு வருவது போலத் தனியாக ஒரு கட்டி எதுவும் தொங்கவில்லை. பழைய டேப் ரெக்கார்டரில் செருகுவோமே, எட்டு வடிவத்தில் இரண்டு துளை இருக்கும் வயர், அதே மாதிரி ஒன்று பின்னால் போகிறது. பெட்டிக்குள் கிடைத்ததும் இயந்திரமும் அந்த வயரும்தான். கீபோர்டு, மவுஸ், மானிட்டர் மூன்றும் நாம்தான் வைத்திருக்க வேண்டும்.

இது மேக் மினி தொடங்கிய நாளிலிருந்து இருக்கும் வழக்கம். 2005 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் மேக் மினியை 499 டாலருக்கு அறிமுகம் செய்தபோதும் திரையையும் கீபோர்டையும் மவுஸையும் நீங்களே கொண்டுவாருங்கள் என்றுதான் சொன்னார். அதில் இருந்த மெமரி, அதாவது ரேம், 256 எம்பி. இப்போது என் கையில் இருப்பதில் 16 ஜிபி, அதுவும் இருப்பதிலேயே குறைந்த விலை மாடலில். இதற்கு முன் வந்த, எம்2 சிப் வைத்த மினியில் ஆரம்ப மாடலுக்கு 8 ஜிபிதான் கொடுத்தார்கள். 2024 அக்டோபரில் எம்4 வந்தபோதுதான் இதை 16 ஆக்கினார்கள். நான் காத்திருந்ததற்குப் பெரிய காரணம் அதுதான்.

சரி, அளவைப் பார்ப்போம். அம்மாவின் இஞ்ச் டேப்பாலேயே அளந்தேன். நீளம் 12.7 செ.மீ., அகலம் 12.7 செ.மீ., உயரம் 5 செ.மீ. 2010லிருந்து எம்2 வரைக்கும் வந்த மினிகள் பக்கத்துக்கு 19.7 செ.மீ. இருந்தன, உயரம் மட்டும் குறைவு, 3.6 செ.மீ. இது கொஞ்சம் உயர்ந்து, நன்றாகச் சுருங்கியிருக்கிறது. மேசையில் அடைக்கும் இடத்தைக் கணக்குப் போட்டால் பழையதில் பாதிகூட இல்லை. ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவை வைக்கும் இடம் போதும்.

அளவைப் பற்றி இவ்வளவு நேரம் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. ரொம்ப நாளாகப் பார்க்கிறவர்களுக்கு இந்த அறை தெரியும். ஈரோட்டில் பத்துக்குப் பத்து அறை. ஒரே மேசை. இடது பாதியில் அம்மாவின் தையல் மெஷின், வலது பாதியில் என் எடிட்டிங். பழைய அசெம்பிள்டு கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில், அம்மாவின் காலுக்குப் பக்கத்தில் நின்றது. பிளவுஸ் வெட்டும்போது விழும் நூலும் பஞ்சும் நேராக அதன் முன்பக்க ஃபேனுக்குள் போகும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ப்ளோயர் பிடிப்பேன். கலர் கலராகப் பஞ்சு வரும். எடிட் செய்த வீடியோவை முழு ஃபைலாக மாற்றும் ரெண்டரிங் ஓடினால் ஃபேன் இரைச்சல் தாங்காது, வாய்ஸ் ஓவரை ராத்திரி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் பதிவு செய்வேன்.

அதனால் இந்த மினியில் நான் முதலில் தேடியது, காற்று எந்த வழியாகப் போய் வருகிறது என்பதைத்தான். இதோ, கவிழ்த்துக் காட்டுகிறேன். அடியில் இந்த வட்டமான கால் தெரிகிறதா? இதைச் சுற்றியுள்ள இடைவெளியில்தான் காற்று உள்ளே போவதும் வெளியே வருவதும். மேலேயும் பக்கத்திலேயும் ஓட்டை கிடையாது. அதாவது மேலிருந்து விழும் தூசு உள்ளே போக வழியில்லை. ஆனால் கீழே கிடப்பதை இது இழுக்கும். இதைக் கேட்டுக்கொள்ளுங்கள், நம் வீடுகளில் கம்ப்யூட்டருக்கு அடியில் ஒரு பூ போட்ட விரிப்பு, மேலே ஒரு துண்டு போட்டு மூடுகிற பழக்கம் உண்டு. இதற்கு அடியில் விரிப்பு வேண்டவே வேண்டாம். மெத்தையில் வைத்து ஓட்டவும் வேண்டாம். கெட்டியான, வெறும் பரப்பில் வையுங்கள்.

நான் அதற்கும் ஒரு படி மேலே போனேன். நேற்றே சுவரில், மெஷினைவிட இரண்டடி உயரத்தில், ஒரு சின்ன மரப்பலகை அடித்தாயிற்று. அதில்தான் உட்காரப் போகிறது. நூல் அங்கே ஏறாது. இந்தப் பழைய கம்ப்யூட்டர் கேபினெட்டைப் பலகை போட்டுச் சுவரில் ஏற்ற முடியுமா, யோசித்துப் பாருங்கள்.

இப்போது பவர் பட்டன். இதுவும் அடியில்தான் இருக்கிறது, பின்பக்க இடது மூலையில். ஒரு பக்கத்தை லேசாகத் தூக்கி விரலை நுழைத்து அழுத்த வேண்டும். எனக்கு இந்த இடம் பிடிக்கவில்லை. பெரும்பாலும் ஸ்லீப்பில் போட்டு கீபோர்டைத் தட்டி எழுப்பினால் போதும் என்பது சரிதான். ஆனால் வேலை முடிந்தால் முழுவதும் அணைத்துவிட்டுப் படுக்கிற வீடு எங்களுடையது. தினமும் அந்த மூலையைத் தேட வேண்டியிருக்கும்.

முன்பக்கம் இரண்டு யுஎஸ்பி சி, ஒரு ஹெட்போன் துளை. மெமரி கார்டு ரீடரை முன்னாலேயே செருகலாம் என்பது எனக்குப் பெரிய நிம்மதி. பின்னால் மூன்று தண்டர்போல்ட் 4 (யுஎஸ்பி சி வடிவத்திலேயே இருக்கும் வேகமான துளை), மானிட்டருக்கு எச்டிஎம்ஐ, இன்டர்நெட் வயருக்கு லேன். பழைய தட்டை யுஎஸ்பி ஒன்றுகூட இல்லை. என் கீபோர்டும் மவுஸும் அந்த வகைதான் என்பதால் இரண்டு சின்ன கன்வெர்ட்டர்கள் வாங்கி வைத்திருந்தேன். உங்களுடையதும் வயர் வைத்த கீபோர்டு என்றால் முதலிலேயே வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வந்த நாளில் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். விண்டோஸ் கீபோர்டு நன்றாகவே வேலை செய்கிறது. விண்டோஸ் சின்னம் உள்ள விசை இதில் கமாண்ட் ஆகிவிடும், ஆல்ட் ஆப்ஷன் ஆகிவிடும். காப்பி, பேஸ்ட்டுக்கு இதில் கமாண்ட்தான், கன்ட்ரோலைத் தேடிப் போன விரல் பழக இரண்டு நாள் ஆகலாம்.

தமிழ் தட்டச்சு பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். எதையும் டவுன்லோடு செய்ய வேண்டியதில்லை. சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குப் போய் இன்புட் சோர்ஸில் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99, அஞ்சல் என்ற இரண்டு தட்டச்சு முறைகளுமே இருக்கின்றன. எனக்குத் தமிழ் 99தான். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு, அம்மா வந்துவிடும், புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். எழுத்துருப் பட்டியலில் தமிழ் சங்கம் எம்என் என்று ஒன்று இருப்பதைப் பாருங்கள். அந்த எம்என், முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை உருவாக்கிய மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் பெயரின் முதல் எழுத்துகள். சப்டைட்டில் போடும்போதெல்லாம் அந்தப் பெயர் பட்டியலில் கண்ணில் படும். எனக்கு அதில் தனி சந்தோஷம்.

அப்புறம் மின்சாரம். இந்தக் கணினியை நான் தேர்ந்தெடுத்ததே இதற்காகத்தான். சும்மா இருக்கும்போது சுமார் 4 வாட், முழு மூச்சில் ஓடினால் 65 வாட் என்று ஆப்பிள் சொல்கிறது. நம் வீட்டுச் சாதாரண சீலிங் ஃபேனே 75 வாட் இழுக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரத்தை நிறுத்தும் நாளில், பழைய கம்ப்யூட்டரை இன்வெர்ட்டரில் ஓட்டவே மாட்டேன். ஓட்டினால் அம்மாவுக்கு ஃபேன் நின்றுவிடும். அந்த நாள் முழுக்க எடிட்டிங் கிடையாது. இனி இரண்டையும் சேர்த்தே ஓட்டலாம். ஒன்றை மறக்காதீர்கள், இதற்குள் பேட்டரி இல்லை. கரண்ட் போனால் அதே நொடியில் அணைந்துவிடும். உங்கள் இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு என்ற சுவிட்ச் இருந்தால் அதில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒரு சின்ன யுபிஎஸ் கட்டாயம் வேண்டும்.

மதியம் ஒரு பத்து நிமிட 4கே வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டுப் பார்த்தேன். பலகையில் காதை வைத்தால்தான் ஃபேன் சத்தம் கேட்டது. மேல்பக்கம் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். வேகத்தைப் பற்றி ஒரே நாளில் பெரிதாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நாலைந்து வீடியோ முடித்துவிட்டுச் சொல்கிறேன்.

2024இல் இது வந்தபோது விலை 59,900 ரூபாய், 16 ஜிபி மெமரி, 256 ஜிபி ஸ்டோரேஜ். மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் 49,900. அதுவே 512 ஜிபி என்றால் 79,900 ஆக இருந்தது. வீடியோ எடிட் செய்கிறவருக்கு 256 நிச்சயமாகப் போதாது, ஆனால் அந்த 20,000 ரூபாயை நான் கொடுக்கவில்லை. ஃபைல்களைச் சேமிக்கத் தனியாக ஒரு எஸ்எஸ்டி டிரைவ் வெளியில் வாங்கிப் பின்னால் செருகியிருக்கிறேன். ஸ்டோரேஜுக்கு அந்த வழி இருக்கிறது, மெமரிக்கு இல்லை. அது சிப்போடு சேர்ந்தே வருகிறது, பின்னால் ஸ்லாட்டில் போட்டுக்கொள்ள முடியாது. ஆகவே காசைக் கூட்டுவதாக இருந்தால் மெமரிக்குக் கூட்டுங்கள்.

பழைய கேபினெட்டை இப்போதுதான் மேசைக்கு அடியிலிருந்து இழுத்து வெளியே வைத்தேன். தரையில் சதுரமாக ஒரு தடம், எட்டு வருஷத் தூசி. அம்மா அதைத் துடைத்துவிட்டு, தைக்க வந்திருக்கும் துணிக்கூடையை அங்கே தள்ளி வைத்திருக்கிறார். இவ்வளவு நாளும் அது கட்டில்மேல்தான் இருந்தது. சரி நண்பர்களே, அடுத்த பவர்கட் நாளில் இதை இன்வெர்ட்டரில் ஓட்டிக் காட்டுகிறேன். அதுவரை உங்கள் கேள்விகளைக் கீழே எழுதுங்கள்.