தலையை எண்ணினோம், லாரியை எண்ணவில்லை

வணக்கம். மக்கள்தொகையும் இயற்கை வளமும் என்று தலைப்புக் கொடுத்து என்னைப் பேசச் சொன்னபோது, நீங்கள் தப்பான ஆளைக் கூப்பிட்டுவிட்டீர்கள் என்றுதான் முதலில் சொன்னேன். நான் பேராசிரியர் இல்லை. திருச்சியிலும் கரூர்ப் பக்கத்திலும் 30 வருஷத்துக்கு மேலாக வீடு கட்டிக் கொடுக்கிற சிவில் இன்ஜினியர். எனக்குப் பழக்கமான வளம் ஒன்றே ஒன்றுதான், மணல். அதைப் பற்றி மட்டும் பேசினால் பரவாயில்லையா என்று கேட்டேன், சரி என்றார்கள்.

எங்கள் ஊர் குளித்தலைப் பக்கம். 1970-களில் எங்கள் வீட்டு ரேடியோவில் 'நாம் இருவர் நமக்கு இருவர்' விளம்பரம் வரும். வந்ததும் அப்பா எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைப்பார். காரணம், ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்த நாங்களே ஐந்து பேர். அப்பா, அம்மா, பாட்டியோடு சேர்த்தால் எட்டுப் பேர், ஓட்டு வீடு, இரண்டு அறை, ஒரு திண்ணை. அந்த வீட்டுக்குச் சுவர் மண்சுவர்; ஆற்றிலிருந்து மொத்தம் நாலைந்து மாட்டுவண்டி மணல் வந்திருக்கும், அதிலும் பாதி வாசலில் கொட்டி வைத்து நாங்கள் விளையாடியது.

அப்புறம் நான் வளர்ந்தேன், ரேடியோ சொன்னபடியே கேட்டேன். எனக்கு இரண்டு பிள்ளைகள். நாலு பேருக்கு 1,800 சதுர அடியில் நானே பிளான் போட்டு ஒரு வீடு கட்டினேன். அதற்கு 30 யூனிட் ஆற்று மணல் இறங்கியது. யூனிட் என்றால் 100 கன அடி. பத்துப் பன்னிரண்டு லாரி. ஆள் பாதி ஆகிவிட்டது, மணல் எத்தனை மடங்கு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. குடும்பக் கட்டுப்பாட்டில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி என்று சொல்வது சும்மா இல்லை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை. மக்கள்தொகை கூடாமல் குறையாமல் நிற்க 2.1 வேண்டும்; நாம் அதற்கும் கீழே இறங்கிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனால் இன்னொரு கணக்கு இருக்கிறது, அதை யாரும் மேடையில் சொல்வதில்லை. 2001-லிருந்து 2011-க்குள் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 6.24 கோடியிலிருந்து 7.21 கோடியாக ஆனது, 15.6 சதவீதம் கூடுதல். அதே பத்து வருஷத்தில் குடும்பங்களின் எண்ணிக்கை 1.42 கோடியிலிருந்து 1.85 கோடிக்குப் போனது, அது 30 சதவீதம். ஆள் ஒரு பங்கு கூடினால் அடுப்பு இரண்டு பங்கு கூடியிருக்கிறது. ஒவ்வொரு அடுப்புக்கும் ஒரு கூரை, ஒரு மோட்டார், ஒரு பிரிட்ஜ், ஒரு பைக் என்று வரிசையாக வரும் அல்லவா, அதைத்தான் சொல்கிறேன். கூட்டுக் குடும்பம் உடைந்ததே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை, மாமியாரும் மருமகளும் தனித்தனி வீட்டில் நிம்மதியாக இருப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. எனக்குத் தொழிலே அதில்தான் ஓடியது.

உலக அளவிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். 1974 வாக்கில் 400 கோடியாக இருந்த உலக மக்கள்தொகை 2022 நவம்பர் 15 அன்று 800 கோடியைத் தொட்டது என்று ஐ.நா. அறிவித்தது. மணலும் ஜல்லியும் சேர்த்து உலகம் வருஷத்துக்கு 5,000 கோடி டன் எடுக்கிறது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு சொல்கிறது. இதை வைத்துப் பூமியைச் சுற்றி 27 மீட்டர் அகலம், 27 மீட்டர் உயரத்துக்கு ஒரு சுவர் எழுப்பலாமாம், அதாவது ஒன்பது மாடி உயரம், ஒவ்வொரு வருஷமும் ஒரு சுவர். வகுத்துப் பார்த்தேன், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 17 கிலோ வருகிறது. நாம் தின்கிற சோறு ஒரு கிலோ வருமா? ஆனால் இந்தச் சராசரி ஒரு ஏமாற்று வேலை. கீற்றுக் கொட்டகையில் படுக்கிறவனுக்கு 17 கிராம் கூட வராது, அவன் பங்கையும் சேர்த்து வேறு யாரோ மாடி மேல் மாடியாக அடுக்கியிருக்கிறார்கள்.

சீனாவைப் பாருங்கள். 1980-லிருந்து 2015 வரை ஒரு குழந்தைதான் என்று சட்டம் போட்டு, உலகத்திலேயே கறாராகத் தலையை எண்ணிய நாடு. அதே நாடு 2011 முதல் 2013 வரை மூன்றே வருஷத்தில் கொட்டிய சிமென்ட் சுமார் 660 கோடி டன். அமெரிக்கா இருபதாம் நூற்றாண்டு முழுவதிலும், நூறு வருஷத்தில், பயன்படுத்தியதே 450 கோடி டன்தான். ஒரு சட்டி சிமென்ட்டுக்குள் எத்தனை சட்டி மணலும் ஜல்லியும் போகும் என்று எந்தச் சித்தாளைக் கேட்டாலும் சொல்வார்.

பாலைவனத்தில் இல்லாத மணலா என்று கேட்பார்கள். பாலைவன மணல் காற்றில் உருண்டு உருண்டு கடுகு மாதிரி வழவழப்பாகிவிடும், கலவையில் ஒன்றோடு ஒன்று பிடிக்காது. ஆற்று மணலுக்கு முனை இருக்கும். எங்கள் மேஸ்திரி ஒருவர் இருந்தார், லாரி வந்து நின்றதும் பின்கதவைத் திறக்கும் முன்பே ஏறி ஒரு கை அள்ளிக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கசக்குவார். நற நற என்று சத்தம் வர வேண்டும். அப்புறம் கையை உதறுவார். உள்ளங்கை சுத்தமாக இருந்தால் நல்ல மணல், பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தால் "சவுடு கலந்திருக்கான் சார், திருப்பி அனுப்புங்க" என்பார். 1990-களில் நாங்கள் எப்போதாவதுதான் திருப்பி அனுப்பினோம். 2010-க்கு அப்புறம் மேஸ்திரி கையை உதறுவதையே விட்டுவிட்டார். கசக்கிப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், "இறக்குங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஆறு எந்த ஆழத்துக்குப் போய்விட்டது என்று எனக்கு முதலில் சொன்னது அந்தக் கைதான்.

இப்போது தண்ணீர்க் கணக்குக்கு வருகிறேன், இதுதான் என்னைத் தூங்க விடாத கணக்கு. ஆற்று மணலுக்குள் மூன்றில் ஒரு பங்கு வெறும் இடைவெளி, அதில்தான் தண்ணீர் நிற்கும். ஒரு யூனிட் மணல் ஆற்றில் இருந்தால் அதற்குள் 800 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் பிடிக்கும். என் வீட்டு 30 யூனிட்டுக்கு 24,000 லிட்டர், இரண்டு பெரிய தண்ணீர் லாரி. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் நிரம்பி, கோடையில் மெதுவாகக் கரையோரக் கிணறுகளுக்குக் கசிந்துகொண்டே இருந்த தொட்டியை நான் பெயர்த்து எடுத்துச் சுவரில் பூசிவிட்டு, அப்புறம் போர் போட்டுத் தண்ணீர் தேடுகிறேன். மாயனூரிலிருந்து முக்கொம்பு வரை அகண்ட காவிரி என்பார்கள், சின்ன வயதில் சித்திரை வெயிலில் அங்கே கையால் முழங்கை ஆழம் தோண்டினால் ஊற்று சுரக்கும், தெளிய விட்டுச் சொம்பில் மொண்டு குடிப்போம். அதே பக்கத்தில் இப்போது பல இடங்களில் களிமண் தெரிகிறது, குழிகளில் சீமைக் கருவேலம் முளைத்து நிற்கிறது.

அள்ளிய மணல் திரும்ப வந்து சேராதா என்றால், மேட்டூர் அணை 1934-ல் வந்தபோதே மேலேயிருந்து வருகிற மணலில் பெரும்பகுதி அங்கே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நாம் அள்ளியது எல்லாம் தாத்தா காலத்துச் சேமிப்பு. 2003-ல் அரசே குவாரிகளை எடுத்து நடத்த ஆரம்பித்தது. யார் நடத்தினாலும் பொக்லைனுக்கு ஒரே பசிதான். தாமிரபரணியில் மணல் எடுப்பதை எதிர்த்துத் தோழர் நல்லகண்ணு நீதிமன்றத்தில் தானே நின்று வாதாடி 2010-ல் ஐந்து வருஷத்துக்குத் தடை வாங்கினார். காவிரிக்கு அப்படி ஒரு கொடுப்பினை இல்லை. 2018 ஆகஸ்ட்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தது. 1928-ல் கட்டிய பழைய பாலத்தின் தூண்கள் சரிந்தன, நல்லவேளை அதில் போக்குவரத்து இல்லை. சில நாளிலேயே முக்கொம்பில் 1836-ல் கட்டிய மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. வயதாகிவிட்டது என்று ஒரு தரப்பு, மணல் அள்ளியதால் அடி அரித்துவிட்டது என்று விவசாயிகள். என்னைக் கேட்டால், காலுக்குக் கீழே மண் இருந்தவரை அந்தக் கிழவர்கள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

2017-ல் இன்னும் ஒரு கூத்து. காவிரியும் வைகையும் பாலாறும் ஓடுகிற மாநிலத்துக்கு மலேசியாவிலிருந்து கப்பலில் மணல் தூத்துக்குடியில் வந்து இறங்கியது. இப்போது எல்லாரும் எம்-சாண்டுக்கு மாறிவிட்டோம், நானும்தான். வேலைக்கு நல்லதுதான், ஆனால் அது கருங்கல்லை உடைத்து வருவது. ஆற்றை விட்டுவிட்டு மலையைப் பிடித்திருக்கிறோம், அவ்வளவுதான்.

அப்படியென்றால் ஜனத்தொகை பிரச்சினையே இல்லையா? இருக்கிறது, எட்டுப் பேரும் 1,800 சதுர அடி கேட்டால் எந்த ஆறு தாங்கும். ஆனால் அதிகம் பெற்றவர்களைக் கை காட்டுவது நமக்குச் சுலபமாக இருக்கிறது, ஏனென்றால் நாம் இரண்டோடு நிறுத்திக்கொண்டோம். 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் இருந்த 33 கோடி கட்டடங்களில் சுமார் 2.46 கோடி ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தன. அந்தச் சுவர்களுக்குள்ளும் ஏதோ ஒரு ஆறு இருக்கிறது.

போன மாதம் ஒரு ரிட்டயர்டு தம்பதி பிளான் போட வந்தார்கள். நாலு பெட்ரூம், 2,400 சதுர அடி. எத்தனை பேர் இருப்பீர்கள் என்றேன். "நாங்க ரெண்டு பேர்தான் சார், பையன் கனடாவிலேருந்து வந்தா ஆறு பேர்." எப்போது வருவார் என்று கேட்டேன், அந்த அம்மா சிரித்தார், அவர் கணவர் கூரையைப் பார்த்தார். நானாகவே ஒரு பெட்ரூமை எடுத்துவிட்டு மூன்று அறையோடு வரைந்து அனுப்பினேன், செலவும் குறையும் என்று காரணம் சொல்லி. மறுநாள் காலையிலேயே போன். "பிளான் ரொம்ப நல்லா இருக்கு சார், அந்த நாலாவது ரூமை மட்டும் மாடியில போட்டுடுங்க." போட்டுக் கொடுத்தேன். வணக்கம்.