செம்பருத்தி க்ளோஸ்-அப்: தண்டும் இதழும் சேர்ந்து தெளிவா வர என்ன பண்ணணும்?

[காட்சி: புதுச்சேரி முத்தியால்பேட்டை, மாடித் தோட்டம், காலை. தொட்டியில் ஒற்றை அடுக்குச் செம்பருத்தி.]

செம்பருத்தியைப் பெரும்பாலும் நேரா முன்னாடி நின்னுதான் போட்டோ எடுப்பாங்க. இதழ் தெளிவா வந்தா நடுவுல இருக்கிற தண்டு மங்கிடும். தண்டு தெளிவா வந்தா இதழ் மங்கிடும். இது கேமரா கோளாறு இல்லைங்க. அந்தத் தண்டு உங்களைப் பார்த்து அஞ்சாறு சென்டிமீட்டர் நீட்டிக்கிட்டு இருக்கு. அவ்வளவு கிட்டப் போனா சில மில்லிமீட்டர் ஆழம்தான் ஃபோகஸ்ல நிக்கும்.

அதனால முதல்ல பூவைப் பாருங்க.

[காட்சி: கண்ணுக்கு ஒட்டிப் பிடித்த கைலென்ஸ்.]

10 மடங்கு கைலென்ஸைக் கண்ணோட ஒட்டி வெச்சு, பூவைக் கிட்டக் கொண்டு வாங்க. சுமார் 2.5 செ.மீ. தூரத்துல பளிச்சுன்னு தெரியும். அந்தத் தண்டு உண்மையில ஒரு குழல். மகரந்தத்தாள்கள் அடியில ஒண்ணாச் சேர்ந்து உருவானது. மேல்பாதியில மெல்லிய காம்புகள் பிரிஞ்சு, ஒவ்வொண்ணு நுனியிலயும் ஒரு மகரந்தப்பை. அது வெடிச்சு மஞ்சள் மணிகள் ஒட்டியிருக்கும். குழலுக்குள்ள ஓடி உச்சியில வெளிய வர்றதுதான் சூலகத்தண்டு. அதோட நுனியில வெல்வெட் மாதிரி அஞ்சு சிவப்புக் குமிழ்கள், அதுதான் சூலகமுடி. இதழ் அடுக்கையும் கவனிங்க: ஒவ்வொரு இதழும் ஒரு ஓரத்துல பக்கத்து இதழ் மேல, மறு ஓரத்துல இன்னொண்ணுக்குக் கீழ.

இப்ப கேமரா. ஏசி ரூம்ல இருந்து எடுத்துட்டு வந்தா, இந்த ஊர் ஈரக்காத்துல லென்ஸ் உடனே வேர்த்துடும். பையை மூடியே வெச்சு அரை மணி நேரம் வெளிய விடுங்க. காலை ஆறரைல இருந்து எட்டு மணி நல்ல நேரம். வெயில் ஏறி கடல்காத்து ஆரம்பிச்சா பூ ஆடும். தொட்டியில ஒரு மூங்கில் குச்சி நட்டு, பூவுக்குக் கீழ உள்ள கிளையைத் துணி கிளிப்பால அதோட பிடிங்க. பூங்காம்பைக் கிள்ளிப் பிடிக்காதீங்க, நசுங்கிடும்.

[காட்சி: பூவுக்குப் பக்கவாட்டில் கேமரா.]

முக்கியமான விஷயம் கோணம். பக்கவாட்டுல வந்து, தண்டு முழுக்க லென்ஸ்ல இருந்து ஒரே தூரத்துல இருக்கிற மாதிரி நில்லுங்க. அப்ப அடியில இருந்து சூலகமுடி வரைக்கும் ஒரே படத்துல கூர்மையா வரும். 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ்னா (ரொம்பக் கிட்டப் போய் எடுக்கிற லென்ஸ்), லென்ஸ் துவாரம் எஃப் 8 அல்லது 11 (எண் கூடினா துவாரம் சின்னதாகும்), ஷட்டர் 1/250 நொடி, ஒளி உணர்திறனைக் குறிக்கிற ஐஎஸ்ஓ 400-ல ஆரம்பிங்க. எஃப் 22-க்குப் போனா ஆழம் கூடும். ஆனா சின்னத் துவாரத்தோட விளிம்புல ஒளி வளைஞ்சு பரவி படமே மொத்தமா மழுங்கிடும். முன்பக்கமாவே வேணும்னா, ட்ரைபாட்ல வெச்சு ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி பத்துப் பன்னிரண்டு படம் எடுத்து, கணினியில சேர்க்கணும். காத்து இருந்தா அது நடக்காது.

போன்னா, மேக்ரோன்னு தனியா இருக்கிற 2 மெகாபிக்சல் கேமராவை விடுங்க. மெயின் கேமராவுல இரண்டு மடங்கு ஜூம் வெச்சு, கொஞ்சம் தள்ளி நின்னு, மகரந்தப்பை மேல விரலை அழுத்திப் பிடிங்க, ஃபோகஸ் பூட்டிக்கும்.

செம்பருத்தியில பலரைக் கவுக்கிறது அந்தச் சிவப்புதான். மொத்த வெளிச்சம் சரின்னு கேமரா சொல்லும். சிவப்பு மட்டும் எல்லை தாண்டி, இதழ் நரம்பெல்லாம் அழிஞ்சு பெயின்ட் அடிச்ச மாதிரி ஆயிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்துல பதியற வெளிச்சத்தை, மூணுல ரெண்டு பங்கு ஸ்டாப்ல இருந்து ஒரு ஸ்டாப் வரைக்கும் குறைங்க (ஒரு ஸ்டாப் குறைச்சா வெளிச்சம் பாதியாகும்). வெளிச்ச அளவைக் காட்டுற ஹிஸ்டோகிராம் வரைபடத்துல சிவப்புக் கோட்டைத் தனியாப் பாருங்க. நேர் வெயில் விழுந்தா நடுவுல ஒரு வெள்ளை வேட்டியைப் பிடிங்க.

[காட்சி: வெள்ளைத் தட்டில் பூவின் பாகங்கள்.]

எல்லாம் எடுத்த பிறகு ஒரு பூவைப் பறிச்சு, இதழ்களை ஒண்ணாப் பிடிச்சு இழுங்க. அடியில ஒட்டியிருக்கிறதால மகரந்தக் குழலும் கூடவே வரும். பூவோட அடியில கிண்ணம் மாதிரி இருக்கிற பச்சைப் புல்லிவட்டத்துக்குள்ள, விதை உருவாகிற சூல்பையை பிளேடால குறுக்க வெட்டினா அஞ்சு அறை தெரியும். வெட்டின இடம் காயறதுக்குள்ள அதையும் எடுத்துடுங்க.