கோழிக்கறியை விட்டாச்சு, அந்தக் காசு எங்கே?

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க! யாங்கூனிலிருந்து உங்கள் அக்கா பேசுகிறேன். இன்றைக்கு மொஹிங்கா பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள், இது ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலத்துக்கான வீடியோதான்.

தமிழ்நாட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்து, வாழைத்தண்டும் எலுமிச்சைப்புல்லும் போட்டுக் குழம்பு கொதிக்க வைப்பார்கள். அதை அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றி, அவித்த முட்டையும் மொறுமொறு சுரைக்காய் பஜ்ஜியும் உடைத்துப் போட்டால் மொஹிங்கா. பர்மாவில் காலையில் ஏழை பணக்காரர் எல்லாரும் சாப்பிடுவது இதைத்தான். தவக்கால வெள்ளிக்கிழமை வந்தால், "இன்றைக்குச் சுத்தபோசனம், கறி கிடையாது" என்று சொல்லிக்கொண்டு எங்கள் ஆட்கள் நேராக மொஹிங்கா கடைக்குத்தான் போவார்கள். நானும்தான் போகிறேன்.

திருச்சபைச் சட்டப்படி இதில் தப்பே இல்லை. 14 வயது முடிந்தவர்கள் இறைச்சியை விட வேண்டும். மீனும் முட்டையும் சாப்பிடலாம். ஒருசந்தி, அதாவது சாப்பாட்டைக் குறைக்கிற நோன்பு, 18 வயது முதல் 59 வரை உள்ளவர்களுக்கு. அதுவும் தவக்காலம் தொடங்குகிற திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும்தான் கட்டாயம். ஒரு வேளை வயிறாரச் சாப்பிடலாம், மற்ற இரண்டு வேளை கொஞ்சமாக. உடம்பு முடியாதவர்களுக்கு அதுவும் இல்லை. இவ்வளவு லேசான சட்டத்தை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் என் கேள்வி. வெள்ளிக்கிழமை கோழி வாங்கவில்லை, சரி. அந்தக் காசு எங்கே? பல வீடுகளில் அது பர்ஸிலேயே இருக்கும், ஈஸ்டர் பிரியாணிக்கு ஆட்டுக்கறியாக வெளியே வரும். அதற்குப் பெயர் சேமிப்பு. நல்ல பழக்கம்தான், ஆனால் தபசு என்று சொல்ல முடியுமா?

இதை நானாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 2-ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் எழுதப்பட்ட 'ஹெர்மாவின் மேய்ப்பர்' என்ற பழைய கிறிஸ்தவ நூலில் நோன்பு இருக்கும் முறை ஒன்று வருகிறது. அன்றைக்கு அப்பமும் தண்ணீரும் போதும். வழக்கம்போல் சாப்பிட்டிருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்று கணக்குப் பார்த்து, அந்தத் தொகையைக் கைம்பெண்ணுக்கோ அநாதைக்கோ இல்லாதவர்களுக்கோ கொடுத்துவிட வேண்டும். கணக்கு! எனக்குப் பிடித்தது அதுதான். மனசு உருக வேண்டும், கண்ணீர் வர வேண்டும் என்று எதுவும் இல்லை. கடைச் சீட்டை எடுத்துக் கூட்டிப் பார், எடுத்து வை, கொடு. விலைவாசி ஏறிக்கிடக்கிற இந்த ஊரில் ஒரு கோழியின் விலை இன்னொரு வீட்டுக்கு எத்தனை நாள் அரிசி என்று சந்தைக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும்.

நாங்கள் வீட்டில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை காலையில், மொஹிங்காவுக்குப் போகும் முன்பே, கறிக்காசு அதில் விழ வேண்டும். சாயங்காலம் சிலுவைப்பாதை முடிந்து வந்து போடலாம் என்று விட்டால் விழாது. அது அனுபவம்.

காசோடு முடிந்துவிடாது. திருநீற்றுப் புதனுக்கு அடுத்த வெள்ளி திருப்பலியில் பைபிளிலிருந்து எசாயா 58 வாசித்தார்கள். "நாங்கள் நோன்பு இருந்தோமே, நீர் ஏன் பார்க்கவில்லை" என்று ஜனங்கள் கேட்கிறார்கள். கடவுள் சுற்றி வளைக்காமல் பதில் சொல்கிறார்: நோன்பு நாளிலும் உங்கள் ஆதாயத்தைத்தான் தேடுகிறீர்கள், வேலையாட்களை ஒடுக்குகிறீர்கள். அதைக் கேட்டதும் எனக்கு நம்ம ஊர் டீக்கடைப் பையன்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். கிராமத்திலிருந்து வந்து, கடையிலேயே படுத்து, விடிவதற்கு முன்னாலிருந்து ஓடுகிற பிள்ளைகள். அவர்களை உதட்டைக் குவித்து முத்தமிடுவதுபோல் சத்தம் கொடுத்துக் கூப்பிடுவது இங்கே வழக்கம், அதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. ஆனால் டீ தாமதமானால் வெறும் வயிற்றோடு இருக்கிற நம் ஆட்கள் கத்துகிற கத்து இருக்கிறதே! "மௌங்லே (தம்பி), மெதுவாக வா" என்று சொல்ல எந்தப் பைசாவும் செலவாகாது. வீட்டில் வேலை செய்கிற அக்காவுக்குச் சம்பளத்தை இழுத்தடிக்காமல் தேதியில் கொடுப்பதும் இதே கணக்குத்தான். பத்து ஜெபமாலை சொல்லிவிட்டுச் சம்பளத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளுகிறவர்கள், தயவுசெய்து எசாயாவை இன்னொரு தடவை வாசியுங்கள்.

போன வருஷத் தவக்காலத்தில் இதை யாரும் நமக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை மத்தியானம், 7.7 அளவு நிலநடுக்கம். மாண்டலே, சகாய்ங் பக்கம் 3,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நமக்குத் தவக்கால வெள்ளி, முஸ்லிம்களுக்கு ரமலானின் கடைசி வெள்ளி. பள்ளிவாசல்கள் தொழுகைக்குக் கூடியவர்கள் மேலேயே இடிந்தன. இங்கிருந்து தண்ணீர், அரிசி, தார்ப்பாய் என்று லாரி லாரியாகப் போயிற்று. யார் எந்த மதம் என்று யாரும் பார்க்கவில்லை. இந்த வருஷம் அப்படி ஒரு செய்தி இல்லாததால் பாட்டில் நிரம்ப நாளாகிறது. மனுஷ சுபாவம், என்ன செய்ய? ஆனால் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தவர்கள் எல்லாருக்கும் வீடு எழும்பிவிடவில்லை.

அப்புறம் இந்த வருஷத்து வேடிக்கை ஒன்று. பிப்ரவரி 18 திருநீற்றுப் புதன், அதே வாரம் ரமலானும் தொடங்கியது. பக்கத்து வீட்டு மாமி தமிழ் முஸ்லிம். சரியாக வெள்ளிக்கிழமை பார்த்து நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினார், உள்ளே ஆட்டுக்கறித் துண்டு! அம்மா என் முகத்தைப் பார்க்கிறார், நான் அம்மா முகத்தைப் பார்க்கிறேன். வேண்டாம் என்று தூக்கைத் திருப்பி அனுப்புவதா? என்னைக் கேட்டால் அது கறி தின்பதைவிடப் பெரிய தப்பு. வாங்கிக்கொண்டோம். அண்ணன் பிள்ளைகள் இரண்டும் 14-க்குக் கீழே, திருச்சபையே அவர்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது. தூக்கு சுத்தமாகிவிட்டது. வெறும் தூக்கைத் திருப்பிக் கொடுக்கக் கூடாதல்லவா, அம்மா பேரீச்சம்பழம் போட்டு அனுப்பினார்.

பாட்டில் காசைக் கொடுக்கும்போது வீடியோ எடுத்துப் போடச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள், மற்றவர்களுக்கும் உற்சாகமாக இருக்குமாம். இந்த ஊரில் தானம் செய்தவர் பெயரைச் சொல்லி வாழ்த்துவது மரியாதையான பழக்கம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் திருநீற்றுப் புதன் நற்செய்தியே மத்தேயு 6. வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்கிறது. என் இடக்கையிலோ எப்போதும் போன் இருக்கிறது. அதனால் வாங்குகிறவர் முகம் இந்த சேனலில் வராது. உங்கள் வீட்டில் எப்படிக் கணக்கு வைக்கலாம், எங்கே சேர்க்கலாம் என்றால் சொல்கிறேன். பங்குக் கோவிலில் கொடுக்கலாம், தெரிந்த வீட்டுக்கு நேராக அரிசியாகவே வாங்கிக் கொடுக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், ஏனென்றால் கொடுத்துவிட்டு உட்கார்ந்து பேசிவிட்டு வரலாம்.

மார்ச் 29 குருத்து ஞாயிறு, அதற்கு முன்னால் அடுத்த வீடியோ வரும். பெரிய வெள்ளிக் கஞ்சி வைக்கலாம் என்றிருக்கிறேன். பச்சரிசியா புழுங்கலா என்று அம்மாவோடு நடக்கிற சண்டை அதற்குள் தீர வேண்டும்.