இரவு ஒன்பது மணிக்கும் சுடுகிற வெள்ளவத்தைச் சுவர்

[காட்சி: கொழும்பு, வெள்ளவத்தை. கடல் பக்கம் பார்த்த மாடிச் சுவரில் ஒரு கை.]

குரல்: பொழுது கடலுக்குள் இறங்கி இரண்டரை மணித்தியாலம் ஆகிவிட்டது. இந்தச் சுவர் இன்னும் சுடுகிறது. பின்னேரம் முழுக்க வாங்கிய வெயிலைக் கொங்கிறீற்று இப்போதுதான் ஆறுதலாக வெளியே விடுகிறது. அதற்கு இந்தப் பக்கம் ஒரு பிள்ளை படுத்திருக்கும்.

[காட்சி: செய்மதியின் வெப்பப் படம்.]

குரல்: இது லான்ட்சாட் 8 மாதிரியான செய்மதி தரும் படம். 2013இல் ஏவப்பட்டது, 16 நாளுக்கு ஒருமுறை, முற்பகலில், ஒரே இடத்துக்கு மேலால் போகும். முகில் மூடினால் நிலம் தெரியாது. ஒன்றைக் கவனியுங்கள்: அது அளப்பது காற்றின் சூட்டை அல்ல. கூரை, தார் வீதி, புல், தண்ணீர் இவற்றின் மேற்பரப்புச் சூட்டை. வானொலியில் 32 பாகை என்று சொல்லும் நேரத்தில், வெயிலில் கிடக்கும் தார் அதைவிட எவ்வளவோ கூடச் சுடும்.

புறக்கோட்டைக் கடைக் கூரைகள் சிவப்பாகத் தெரியும். பேர வாவியும் விகாரமகாதேவிப் பூங்காவும் நீலம். நடந்து போகிற தூரம்தான். ஏன் இவ்வளவு வித்தியாசம்?

நிழல் ஒரு காரணம். பெரிய காரணம் தண்ணீர். ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோயூல் வெப்பம் வேண்டும். எட்டு லீற்றர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்கவைக்கிற அளவு! மரம் வேரால் உறிஞ்சி இலையால் விடும் ஒவ்வொரு லீற்றரும் அவ்வளவு சூட்டைத் தின்றுவிடுகிறது. முற்றத்துக்குச் சீமெந்து பூசினால் மழை கானால் ஓடிவிடும். தின்ன ஆளில்லாத சூடு சுவருக்குள் ஏறும்.

அதற்குமேல் மாடிகள் நெருங்கி நிற்கும்போது, ஒரு சுவர் விடும் சூட்டை எதிர்ச்சுவர் வாங்குகிறது. கடற்காற்றும் மறிபடுகிறது. ஏசி அறைக்குள் இருந்து எடுத்த சூட்டை ஒழுங்கைக்குள் தள்ளுகிறது.

[காட்சி: கொழும்புக்குப் பக்கத்தில் பெத்தகானைச் சதுப்பு, கொக்குகள்.]

குரல்: சதுப்பு என்றதும் எங்களுக்கு நுளம்புதான் ஞாபகம் வரும். மண் போட்டு நிரப்பினால் காணி என்று நினைக்கிறோம். எனக்கு இதுதான் பெரிய கவலை. ராம்சார் என்பது ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கை. 2018இல் கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது இந்தச் சேற்றுக்காகத்தான். வெள்ளத்தைத் தாங்குவதும் இதுதான், மின்கட்டணம் இல்லாமல் ஊரைக் குளிரவைப்பதும் இதுதான்.

நாளைக்கு இரவு ஒன்பது மணிக்கு உங்கள் மதிலைத் தொடுங்கள். பிறகு, கிட்ட ஒரு மரம் மிஞ்சியிருந்தால், அதன் அடி மண்ணையும் தொடுங்கள்.