நாய்க்குப் போட்ட மூஞ்சூறு வேஷம்

நேயர்களுக்கு வணக்கம்.

கொலைகார மிருகப் படங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சுறா, முதலை, கரடி, எலி, சிலந்தி, ஏன், முயல்கூட உண்டு. ஏதோ ஒரு பிராணி மனிதர்களை வேட்டையாடத் தொடங்கும். நாலைந்து பேர் ஓரிடத்தில் மாட்டிக்கொள்வார்கள். விடிவதற்குள் அவர்களில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். கதை அவ்வளவுதான். பெரிய ஸ்டூடியோக்கள் பணத்தைக் கொட்டி எடுத்த படங்களைவிட, கையில் காசில்லாதவர்கள் அவசர அவசரமாக எடுத்து முடித்தவைதான் எனக்குப் பிடித்தவை. சிறு வயதிலிருந்து பார்க்கிறேன், இன்னும் விடவில்லை.

அப்படி இவற்றில் என்ன இருக்கிறது என்று கேட்டால் என்னிடம் இருப்பது ஒரே பதில். இந்தப் படங்களை எடுத்தவர்களிடம் மிருகத்தைக் காட்டப் பணம் கிடையாது. காட்ட முடியாததால் மறைத்தார்கள். மறைத்ததால் பயம் வந்தது. இதைத்தான் இன்று திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வானொலி கேட்கிற உங்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. இரவில் படுத்திருக்கிறீர்கள். வெளியே ஏதோ சுரண்டுகிற சத்தம். எழுந்து விளக்கைப் போடும்வரை உங்கள் மனதில் வந்து நிற்கிற உருவத்தை எந்தக் கலைஞனாலும் செய்துகாட்ட முடியாது. விளக்கைப் போட்டால் பயம் பாதி போய்விடும். காசில்லாத இயக்குநருக்கு அந்த விளக்கைப் போட வசதியில்லை.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஒன்று சொல்கிறேன். 1959-ல் வந்த 'தி கில்லர் ஷ்ரூஸ்' என்ற அமெரிக்கப் படம். கொலைகார மூஞ்சூறுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸில் டாலஸ் நகருக்குப் பக்கத்தில் எடுத்தார்கள். இயக்கியவர் ரே கெல்லாக், அதற்கு முன்பு பல காலம் தந்திரக் காட்சிகளில் வேலை பார்த்தவர். கதை ஒரு தீவில் நடக்கிறது. உலகத்தில் ஜனத்தொகை பெருகி உணவு போதாமல் போகிறதே, மனிதனையே சிறியவனாக்கிவிட்டால் என்ன என்று ஒரு விஞ்ஞானி ஆராய்ச்சி செய்கிறார். ஆராய்ச்சி எங்கேயோ பிசகி, மூஞ்சூறுகள் நாய் அளவுக்கு வளர்ந்துவிடுகின்றன. புயல் வருகிறது, படகில் திரும்பிப் போக வழியில்லை. தீவில் அவற்றுக்கு இரை தீர்ந்துபோயிற்று. மிச்சம் இருப்பது அந்த ஒரு வீடும் அதற்குள் இருக்கும் சிலரும்தான்.

நாய் அளவுக்கு என்றேனா? உண்மையிலேயே நாய்கள்தான். வேட்டை நாய்களின் மேல் சடைமுடியைப் போர்த்தி ஓடவிட்டார்கள். நெருக்கமான காட்சிகளுக்குக் கையில் மாட்டிக்கொள்ளும் பொம்மைத் தலை. தூரத்திலிருந்து பார்த்தாலே நாய் ஓட்டம் என்று தெரிந்துவிடும். பலர் இதைச் சொல்லியே அந்தப் படத்தை ஒதுக்குகிறார்கள். ஆனால் அந்த ஓட்டம் படத்தில் எவ்வளவு நேரம் வருகிறது? கொஞ்ச நேரம்தான். மற்ற நேரமெல்லாம் இரவு, காற்று, வேலிக்கு அந்தப் பக்கம் கீச்சுக் குரல்கள். உள்ளே இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறார்கள். வீட்டுச் சுவரோ மண் சுவர், மழையில் ஊறிக்கொண்டிருக்கிறது. எப்போது பெயரும் என்று அவர்களும் பார்க்கிறார்கள், நாமும் பார்க்கிறோம். வெறும் சுவர்! அதைக் காட்ட என்ன செலவு?

அதைவிடப் பெரிய காட்சி ஒன்று உண்டு. விஞ்ஞானிகளில் ஒருவர் கடிபட்டுவிடுகிறார். அந்த மூஞ்சூறுகளின் எச்சில் விஷம். இனிப் பிழைக்க மாட்டோம் என்று அவருக்குத் தெரியும். அவர் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, தன் உடம்பில் என்ன நடக்கிறது என்பதைச் சாகும்வரை குறிப்பாகத் தட்டுகிறார். ஒரு மேஜை, ஒரு தட்டச்சு இயந்திரம், ஒரு மனிதர். ரத்தமில்லை, பற்களில்லை, மிருகம்கூட இல்லை. இத்தனை வருடங்களில் நான் பார்த்த எந்தப் பெரிய படமும் எனக்கு அப்படியொரு மரணத்தைக் காட்டவில்லை.

அந்த விஞ்ஞானியாக நடித்தவர் யார் தெரியுமா? கார்டன் மெக்லெண்டன். டெக்சாஸில் வானொலி நிலையங்களை நடத்தியவர், அமெரிக்க வானொலியின் முன்னோடிகளில் ஒருவர். இந்தப் படத்துக்குப் பணம் போட்டவரும் அவரே. படம் முழுக்கச் சத்தத்தை நம்பி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். வானொலிக்காரருக்குத் தெரியாதா, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கேட்க வைப்பது எப்படி என்று!

இன்னொரு செய்தி. மூஞ்சூறுக்கு விஷம் என்பது கதாசிரியர் கட்டிவிட்டதல்ல. வட அமெரிக்காவில் இருக்கும் குட்டைவால் மூஞ்சூறின் எச்சிலில் உண்மையாகவே விஷம் உண்டு. அவற்றின் உடம்பு அத்தனை வேகமாக எரிசக்தியைச் செலவழிப்பதால், சில மணி நேரம் தின்னாவிட்டால் செத்துப்போகும். உள்ளங்கையில் அடங்கும் பிராணி அது. அந்தப் பசியை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தார்கள், கதை கிடைத்துவிட்டது.

பசி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மனிதக் கொலைகாரன் வருகிற படத்தில் அவன் ஏன் கொல்கிறான் என்று விளக்கியாக வேண்டும். சின்ன வயதில் அவனுக்கு என்ன நடந்தது, யார் மேல் கோபம் என்றெல்லாம். மிருகத்துக்கு அதெல்லாம் வேண்டாம். அதனிடம் பேரம் பேச முடியாது, கெஞ்ச முடியாது, மன்னிப்புக் கேட்க முடியாது. அதனால் படத்தின் நேரம் முழுவதும் மாட்டிக்கொண்ட மனிதர்களுக்கே கிடைக்கிறது. யார் தைரியசாலி, யார் அடுத்தவனைத் தள்ளிவிட்டு ஓடுகிறான் என்பது மெல்ல மெல்லத் தெரிகிறது.

சரி, காட்டினால் என்ன ஆகும்? அதற்கும் உதாரணம் உண்டு. 1972-ல் எம்.ஜி.எம். என்ற பெரிய ஸ்டூடியோ வெளியிட்ட 'நைட் ஆஃப் தி லீபஸ்' படத்தில் ராட்சத முயல்கள். வீட்டில் வளர்க்கும் முயல்களைச் சின்னஞ்சிறு வீடுகள், சாலைகள் நடுவே ஓடவிட்டு, படத்தின் வேகத்தைக் குறைத்து, நல்ல வெளிச்சத்தில் காட்டினார்கள். முயல் அப்போதும் முயலாகவே இருந்தது. பயம் வரவில்லை. மூன்று வருடம் கழித்து 'ஜாஸ்' என்ற சுறாப் படம் வந்தது. அது மலிவுப் படம் அல்ல. ஆனால் இயந்திரச் சுறா கடலின் உப்புத் தண்ணீரில் அடிக்கடி பழுதானதால், இயக்குநர் ஸ்பீல்பெர்க் வேறு வழியில்லாமல் அதை மறைக்க வேண்டியதாயிற்று. சுறாவோடு கட்டப்பட்டு மிதக்கும் மஞ்சள் பீப்பாய்களும் இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸின் இரண்டு சுரங்களும் சுறாவாக மாறின. ஏழைப் படக்காரர்களின் பாடத்தைப் பணக்காரப் படம் விபத்தாகக் கற்றுக்கொண்டது என்றுதான் நான் சொல்வேன்.

அப்புறம் வரிசையாக வந்தன. 1976-ல் 'கிரிஸ்லி', சுமார் 7,50,000 டாலரில் எடுத்து ஏறக்குறைய 3.9 கோடி டாலர் வசூல் செய்த கரடிப் படம். 1978-ல், மலிவுப் படங்களுக்குப் பேர்போன தயாரிப்பாளர் ரோஜர் கார்மனின் நிறுவனம் எடுத்த 'பிரான்யா' என்ற கொலைகார மீன் படம். அதில் குச்சியில் செருகிய ரப்பர் மீன்களை ஆட்டிக் கலங்கிய தண்ணீரில் படம் பிடித்தார்கள். அந்த மீன்களில் வேலை செய்த ஃபில் டிப்பெட் பின்னாளில் 'ஜுராசிக் பார்க்' டைனோசர்களுக்கு உயிர் கொடுத்தவர்களில் ஒருவர். வேலை கற்றுக்கொள்ள வருபவர்களுக்கு இந்தப் படங்கள் கதவைத் திறந்துவைத்தன. அதற்காகவே இவற்றின் மேல் எனக்குத் தனி மரியாதை.

இன்று கணினியில் எந்த மிருகத்தையும் மலிவாக வரைந்துவிடலாம். சூறாவளியில் சுறாக்கள் பறந்து வருகிற படம் 2013-ல் வந்து உலகமெங்கும் பேசப்பட்டது. பார்த்தேன். எல்லாம் காட்டினார்கள், எனக்குப் பயம் வரவில்லை. மறைக்க வேண்டிய கட்டாயம் போனதும் மறைக்கும் கலையும் போகத் தொடங்கிவிட்டதோ என்று கவலையாக இருந்தது. ஆனால் 2007-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த 'பிளாக் வாட்டர்' அப்படியில்லை. அலையாத்திக் காட்டுக்குள் படகு கவிழ்ந்து, மூன்று பேர் மரத்தின் மேல். கீழே அசையாத தண்ணீர். முதலை எங்கே என்று தெரியாது. பொம்மையும் கணினி ஓவியமும் வேண்டாமென்று, நிஜ முதலைகளைத் தனியாகப் படம் பிடித்துக் காட்சிகளோடு இணைத்தார்கள். பெரும்பாலான நேரம் நாம் பார்ப்பது வெறும் தண்ணீரைத்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். நிஜ விலங்குகளுக்கு இந்தப் படங்கள் செய்த கெடுதலைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலகம் முழுவதும் சுறா கடித்து ஆண்டுக்கு இறப்பவர்களைப் பெரும்பாலும் விரல் விட்டு எண்ணிவிடலாம். மனிதர்கள் கொல்லும் சுறாக்களோ ஆண்டுக்குப் பல கோடி. 'ஜாஸ்' நாவலை எழுதிய பீட்டர் பெஞ்ச்லி பின்னாளில் சுறாக்களைக் காப்பதற்காகவே எழுதியும் பேசியும் வந்தார். இந்தப் படங்களை ரசிப்பவர்கள் அவர் பிற்காலத்தில் எழுதியதையும் படிக்க வேண்டும். மிச்சத்தை இன்னொரு வாய்ப்புக் கிடைத்தால் பேசுகிறேன்.

நன்றி, வணக்கம்.